ரேம் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

கணினிக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். டெஸ்க்டாப்புக்கு மெமரி, அதாவது ரேம், கூட்ட வேண்டும், கையில் பணம் குறைவு, எதை வாங்குவது? ஆகவே பிரின்டர், வைரஸ் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "என் கணினிக்கு நல்ல ரேம் எது?" என்று ஒரே வரியில் கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை. கணினிக்குள் எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகையான மதர்போர்டின் மாடல் தெரியாமல் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு மென்பொருளையும் எக்செலையும் திறந்து, பக்கத்தில் பிரௌசரில் நாலைந்து டேப் வைத்தால் மவுஸ்கூட நகர மறுக்கிறது. புதுக் கணினியே வாங்கிவிடுங்கள் என்கிறார் சர்வீஸ் செய்பவர். 16 ஜிபி ரேம் போட்டால் சரியாகிவிடுமா?
— கணக்கு எழுதுபவர்

பதில்: மவுஸ் நகராத அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்குங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கணினியைப் போட்டவுடன் பார்த்துப் பயனில்லை.

அங்கே 'கமிட்டட்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். திறந்திருக்கும் வேலைகளுக்கெல்லாம் சேர்த்து விண்டோஸ் எவ்வளவு மெமரி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது முதல் எண். அது 7 என்று காட்டுகிறது, உங்களிடம் இருப்பதோ 4 என்றால், மிச்சத்தை விண்டோஸ் சுருக்கி வைத்தும், ஹார்ட் டிஸ்கில் பேஜ் ஃபைலாக எழுதியும்தான் சமாளிக்கிறது. அதே இடத்தில் டிஸ்க்கையும் ஒரு பார்வை பாருங்கள். அநேகமாக 100 சதவீதத்தில் நிற்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க 100 நானோ செகண்ட் அளவுதான் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் அதன் தலை நகர்ந்து இடத்தைக் கண்டுபிடித்துப் படிக்க 10 மில்லி செகண்ட் அளவு ஆகிறது. ஏறக்குறைய லட்சம் மடங்கு வித்தியாசம். மவுஸ் ஏன் நிற்காது?

ஆகவே உங்கள் நோய் இரண்டு: ரேம் போதவில்லை, ஹார்ட் டிஸ்க் மெதுவானது. முழுப் பணத்தையும் 16 ஜிபி ரேமில் கொட்டினால் ஒரு நோய்தான் தீரும். கணினி எழுந்து நிற்க ஆகும் நேரமும், எக்செல் முதல் முறை திறக்க ஆகும் நேரமும் அப்படியே இருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பணத்தை இரண்டாகப் பிரிப்பேன். இன்னொரு 4 ஜிபி ரேம் சேர்த்து மொத்தம் 8 ஆக்குவேன். மீதியில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றுவேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்ற வேண்டியதில்லை, கோப்புகளை வைத்துக்கொள்ள உதவும். கணக்கு, எக்செல், கொஞ்சம் பிரௌசர் என்ற வேலைக்கு 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் சேர்ந்தால் அது வேறு கணினி.

4 ஜிபிக்கும் 8 ஜிபிக்கும் விலை வித்தியாசம் அற்பம் என்றால் 8 ஜிபியையே வாங்கிச் சேர்த்து 12 ஆக்கிக்கொள்ளுங்கள். 4-ம் 8-ம் ஜோடி சேராதே என்று சிலர் பயமுறுத்துவார்கள். இன்டெல் போர்டுகளில் ஃபிளெக்ஸ் மோட் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கும் 4+4 ஜோடியாக ஓடும், மிஞ்சிய 4 தனியாக ஓடும். நஷ்டம் ஒன்றும் இல்லை.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். நான்காம் தலைமுறை ஐ3 என்றால் ரேமின் வகை டிடிஆர்3, வேகம் 1600 வரை. 1866 வாங்கினாலும் 1600-ல்தான் ஓடும், அதற்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எச்81 சிப்செட் போர்டு என்றால் ரேம் செருகும் ஸ்லாட் இரண்டே, உச்சம் 16 ஜிபி. அப்புறம், விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் பாருங்கள். 4 ஜிபி கணினிகளில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 32 பிட் என்றால் எத்தனை ரேம் செருகினாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. முதலில் 64 பிட் விண்டோஸை நிறுவ வேண்டும்.

சர்வீஸ் செய்பவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். உங்களுடையது அந்தப் பட்டியலில் வராது. அதனால்தான் இந்தக் கணினிக்குப் பெரிய தொகை வேண்டாம், செகண்ட் ஹேண்ட் டிடிஆர்3 போதும் என்கிறேன். எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக வாங்குங்கள், நாளை அடுத்த கணினிக்கும் அது கூடவே வரும்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி, பி450 போர்டு, ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4-2666 ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கேம் விளையாடும்போது விட்டு விட்டு ஓடுகிறது. இருப்பதை விற்றுவிட்டு, விளக்கு எரியும் 16 ஜிபி 3200 ரேம் ஒன்று வாங்கச் சொல்கிறான் நண்பன். வாங்கலாமா அண்ணா?
— கல்லூரி மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. நண்பன் சொன்னதில் அளவு சரி, வேகம் சரி, எண்ணிக்கை தப்பு. உங்கள் கணினியில் கேம் விட்டு விட்டு ஓடுவதற்குக் காரணம் அந்த 'ஒற்றை' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

5600ஜி-யில் கிராபிக்ஸ் பகுதி பிராசஸருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதற்கென்று சொந்தமாக வேகமான மெமரி இருக்கும். உங்களுடையதற்கு அப்படி எதுவும் கிடையாது. சாதாரண ரேமைத்தான் பிராசஸரோடு பங்கு போட்டுக்கொள்கிறது. எனவே ரேமிலிருந்து ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வந்து சேர்கிறது என்பதே உங்கள் கேமின் வேகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், சுலபம்தான். ஒரு ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே 64 பிட் பாதை, அதாவது ஒரு முறைக்கு 8 பைட். 2666 என்பது ஒரு நொடியில் எத்தனை மில்லியன் முறை அனுப்புகிறது என்ற எண். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு சுமார் 21.3 ஜிபி. இப்போது உங்களிடம் இருப்பது இதுதான். நண்பன் சொல்லும் ஒற்றை 3200 வாங்கினால் 25.6. இருப்பதோடு இன்னொரு 8 ஜிபி 2666 சேர்த்து இரண்டு சேனலிலும், அதாவது இரண்டு பாதையிலும், ஓட்டினால் 42.6. அளவு இரண்டு வழியிலும் அதே 16 ஜிபிதான். செலவு? பாதி ரேமுக்கு மட்டும். விளக்கு எரியாது, அவ்வளவுதான் குறை.

சேர்க்கப் போகும் ரேம் 3200 ஆக இருந்தாலும் பரவாயில்லை. பல நேரம் 2666-ஐத் தேடிப் பிடிப்பதைவிட 3200 சுலபமாகக் கிடைக்கும். ஆனால் இரண்டும் 2666-ல்தான் ஓடும். ஜோடி மாடு பூட்டினால் மெல்ல நடக்கும் மாட்டின் நடைதான் வண்டியின் நடை.

பணம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பழைய 8 ஜிபியையும் நல்ல விலைக்கு யாராவது எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், 8+8 ஜோடியாகவே விற்கும் 3200 கிட் ஒன்று வாங்கலாம். அப்போது 51.2. 5600ஜி அதிகாரபூர்வமாகத் தாங்கும் வேகமும் 3200தான். 3600, 4000 என்று மேலே போவதெல்லாம் பட்ஜெட் பேச்சில் வராது.

செருகுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் செருகாதீர்கள். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் சரியான ஜோடி. போர்டின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். முதல் இரண்டில் செருகினால் 16 ஜிபி என்று அழகாகக் காட்டும், ஆனால் ஒரே சேனலில் ஓடும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை சேனல் என்று தெரிந்துவிடும். அதே பக்கத்தில் 'டிராம் ஃப்ரீக்வென்சி' 1333 என்று காட்டினால் பதற வேண்டாம், டிடிஆர் என்பதால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

3200 கிட் வாங்குவதானால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க மறக்காதீர்கள். சில போர்டுகளில் டிஓசிபி என்ற பெயரில் இருக்கும். அதை இயக்காவிட்டால் 3200 என்று அச்சடித்த ரேம் 2133 அல்லது 2400-ல் ஓடிக்கொண்டிருக்கும். அதிக வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் 2133-ல் ஓட்டுபவர்கள் என் மேஜைக்கு அடிக்கடி வருகிறார்கள். மூடியைத் திறக்கவே வேண்டியிருக்காது. பயாஸில் ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது.

கேள்வி: சிஎல்16, சிஎல்22 என்று எழுதியிருக்கிறதே, எது நல்லது? பெரிய எண்ணா, சின்ன எண்ணா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: சிஎல் என்பது ரேமின் தாமதத்தைக் காட்டும் எண். ஒரே வேகமுள்ள இரண்டு ரேம்களுக்குள் சின்ன எண் நல்லது, அம்மா. வேகம் வேறுவேறாக இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்துவிடுங்கள். தகவல் கேட்டதிலிருந்து அது வரத் தொடங்கும் வரை எத்தனை நானோ செகண்ட் என்று கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் 10. 3200 சிஎல்22 என்றால் 13.75. பழைய டிடிஆர்3-1600 சிஎல்11-க்கும் அதே 13.75தான். தலைமுறை மாறியும் இந்த எண் பெரிதாக மாறவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

உங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் மின்னஞ்சல், தட்டச்சு, காணொளி வேலைகளுக்கு 10-க்கும் 13.75-க்கும் வித்தியாசம் தெரியாது. விலை குறைந்ததை எடுங்கள். மிஞ்சும் பணத்தில் ஒரு அளவு பெரிதாக வாங்க முடிந்தால் அதுவே புத்திசாலித்தனம். ரேம் போதாமல் போனால் கணினி நிற்கும். ரேம் கொஞ்சம் மெதுவாக இருந்தால் உங்களுக்கும் எனக்கும் தெரியவே தெரியாது.

கேள்வி: என் போர்டு டிடிஆர்3. டிடிஆர்4 ரேம் இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: முடியாது. டிடிஆர்3-க்கு 240 பின் (ரேமின் அடியில் உள்ள தொடுமுனைகள்), டிடிஆர்4-க்கு 288 பின். அடியில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனாலும் வெட்டு தள்ளி இருக்கும், மின்சாரமும் வேறு: 1.5 வோல்ட், 1.2 வோல்ட், 1.1 வோல்ட் என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. செருகப் போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப்பில் சேராது. ஆனால் திரைக்குப் பின்னால் எல்லாம் அடங்கிய ஆல் இன் ஒன் கணினியும், கையடக்கமான மினி கணினியும் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அவற்றில் பெரும்பாலும் லேப்டாப் ரேம்தான் இருக்கும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கலாமா? இணையத்தில் 16 ஜிபி டிடிஆர்3 ஒன்று நம்ப முடியாத விலையில் கிடைக்கிறது. வாங்கிவிடட்டுமா என்று கை அரிக்கிறது.
— வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு செய்பவர்

பதில்: செகண்ட் ஹேண்ட் ரேமுக்கு நான் பயப்படுவதில்லை. ஹார்ட் டிஸ்க் போல ஓடித் தேயும் பாகமும் இல்லை, எஸ்எஸ்டி போல எழுத எழுதக் குறையும் ஆயுளும் இல்லை. கெடுவது பெரும்பாலும் கையாளுவதில்தான்: நிலைமின்சாரம், வளைந்த பலகை, கீறிய தங்கப் பூச்சு. பல நிறுவனங்கள் ரேமுக்கு ஆயுட்கால உத்தரவாதமே தருகின்றன. பில் இல்லாமல் கைமாறி வந்த ரேமுக்கு அது கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஆனால் 'நம்ப முடியாத விலை' என்ற இடத்தில் நில்லுங்கள். அந்த விலைக்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கலாம்.

முதலாவது, அது சர்வர் ரேம். பெரிய நிறுவனங்கள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது இவை குவியலாகச் சந்தைக்கு வரும். நல்ல சரக்குதான், கெட்டுப் போனதில்லை. ஆனால் ரெஜிஸ்டர்டு என்ற வகை. நடுவில் கூடுதலாக ஒரு சிப் வைத்திருப்பார்கள். சாதாரண டெஸ்க்டாப் போர்டில் அது உயிர் பெறாது. டிடிஆர்3-ல் 16 ஜிபி ஒற்றை ரேம் என்றாலே சந்தேகப்படுங்கள், டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3 பெரும்பாலும் 8 ஜிபியோடு நின்றுவிட்டது. லேபிளில் 12800 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். 'யு' என்றால் உங்களுக்கு. 'ஆர்' என்றால் சர்வருக்கு. விற்பவர் படத்தில் லேபிள் தெளிவாக இல்லையென்றால் வேறு படம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டு விற்கும் டிடிஆர்3. சர்வர் ரேமுக்கான 4 பிட் சிப்புகளை எடுத்து டெஸ்க்டாப் பலகையில் ஒட்டிச் செய்தது. சில ஏஎம்டி போர்டுகளில் ஓடும். இன்டெல் போர்டில் போட்டால் கருப்புத் திரைதான்.

இந்த இரண்டையும் தாண்டிவிட்டால் மிச்சம் சோதனைதான். வாங்கி வந்ததும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். அது எழுதிப் படித்து, எழுதிப் படித்துச் சோதிக்கும். இரவு விட்டுவிட்டுப் படுத்துவிடலாம். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுங்கள். "ஒண்ணுதானே சார், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அந்த ஒன்று என்றைக்கு உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பின் நடுவில் வந்து உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. கெட்ட ரேமின் வம்பே அதுதான். நீலத் திரை வந்தாலாவது தெரிந்துவிடும், சத்தமில்லாமல் கோப்பைக் கெடுத்தால் பேக்கப்பிலும் கெட்ட பிரதியே போய்ச் சேரும். ஆகவே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று வாக்குத் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடுதலானாலும் சரி.

கேள்வி: 8+8 ஆக 16 ஜிபி டிடிஆர்4-3200 இருக்கிறது. இரண்டு ஸ்லாட் காலி. புகைப்படத் திருத்த வேலைக்கு 32 வேண்டும். வேறு கம்பெனி ரேம் சேர்த்தால் பிரச்சினை வருமா?
— ஸ்டூடியோ வைத்திருப்பவர்

பதில்: பெரும்பாலும் வராது. ரேமின் மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்புகளைச் செய்வது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர்தான். பெயரைவிட லேபிளில் உள்ள எண்கள் ஒத்துப்போவதுதான் முக்கியம்: 3200, அதே சிஎல், அதே வோல்ட். எக்ஸ்எம்பி ரேம்கள் 1.35 வோல்ட்டிலும், சாதாரணமானவை 1.2 வோல்ட்டிலும் ஓடும். உங்களிடம் இருப்பது எது என்று பார்த்து அதே வகையை வாங்குங்கள். இரண்டும் கலந்தாலும் ஓடும், ஆனால் எக்ஸ்எம்பி வேகத்தில் முரண்டு பிடிக்கலாம். அப்போது 2933-க்கோ 2666-க்கோ இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். புகைப்பட வேலைக்கு அந்த இறக்கம் தெரியாது. ரேம் போதாமல் ஃபோட்டோஷாப் டிஸ்கில் எழுதத் தொடங்கினால் மட்டும் நன்றாகத் தெரியும்.

புதிய இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஸ்லாட் ஒன்றிலும் மூன்றிலும் போய் உட்காரட்டும்.

டிடிஆர்5 வைத்திருக்கும் வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே நான்கு ரேம் என்பது தலைவலி. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200 என்று உள்ள அதிகாரபூர்வ வேகம், நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். டிடிஆர்5 வாங்குபவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு ஸ்லாட்டில் வேண்டிய அளவை முடித்துக்கொள்வது நல்லது. நாளை கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் டிடிஆர்4-க்குப் பொருந்திய அளவு இங்கே பொருந்தாது.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்து வேகப்படுத்தும் மென்பொருள் எது நல்லது? பென் டிரைவை ரேமாக மாற்றலாம் என்கிறார்களே?

பதில்: எதுவும் நல்லதில்லை. காலியாக இருக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் விண்டோஸ் அதில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை ஏற்றி வைக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதைத் துரத்திவிட்டால் மறுபடி டிஸ்கிலிருந்து படிக்க வேண்டும். பென் டிரைவ் சமாசாரம் ரெடிபூஸ்ட், விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அது ரேமாக மாறாது, ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கேஷ், அதாவது தற்காலிகச் சேமிப்பிடம், மட்டும்தான். எஸ்எஸ்டி இருந்தால் அதற்கும் வேலையில்லை.

கேள்வி: புதிதாக இன்னொரு 8 ஜிபி செருகினேன். முதலில் திரையே வரவில்லை, பீப் பீப் என்று கத்தியது. கழற்றி மாட்டியதும் வந்துவிட்டது. ஆனால் 16 ஜிபியில் 13.9 தான் பயன்படும் என்று காட்டுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— இல்லத்தரசி

பதில்: நீங்களே மூடியைத் திறந்து மாட்டியதற்கு முதலில் பாராட்டுகள். ஏமாற்று எதுவும் இல்லை. காணாமல் போன 2 ஜிபியை உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்று அதைக் காட்டும். பயாஸில் அந்த ஒதுக்கீட்டை 512 எம்பியாகக் குறைக்க வழி இருக்கும். கேம் விளையாடாதவர் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். 16-ல் சரிபாதி, அதாவது 8 மட்டுமே பயன்படும் என்று காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். அதுவும் சரி என்றால் விண்டோஸிலேயே உள்ள எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மாக்சிமம் மெமரி' பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அதை டிக் செய்து வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

பீப் சத்தத்துக்கு வருவோம். அது ரேம் சரியாகப் படியவில்லை என்ற புகார். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கணினியை அணைத்து, பவர் கேபிளையே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுங்கள். வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்த வேண்டும். 'டக்' என்று கிளிப் தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்தலாம். நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிக பலம் கேட்கும். பழைய ரேமாக இருந்தால் தங்க நிறப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைத்து, தூளை ஊதாமல் பிரஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் படும்.

டிடிஆர்5 கணினியில் முதல் முறை போட்டதும் சில நிமிடம் திரை கருப்பாகவே இருந்தால் பயந்து அணைக்காதீர்கள். போர்டு புதிய ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

கேள்வி: ரேம் விலை ஏறிக்கிடக்கிறதே. இறங்கும் வரை காத்திருக்கலாமா?

பதில்: 2025-ன் பிற்பகுதியில் விலை கடுமையாக ஏறியது உண்மை. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களுக்கு மெமரி வாங்கிக் குவிக்கிறார்கள். அதே மூன்று தயாரிப்பாளர்கள்தான் அதற்கும் சிப் செய்ய வேண்டும், லாபம் அதிகமுள்ள பக்கம் ஆலையைத் திருப்புகிறார்கள், நமக்கு மிஞ்சுவது குறைவு. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எப்போது இறங்கும் என்று ஜோசியம் சொல்ல மாட்டேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி தினமும் 90 சதவீதத்தைத் தாண்டினால் இன்றைய விலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். 60-ல் நின்றால் உங்கள் கணினிக்கு ரேமே வேண்டாம், காத்திருப்பதற்கும் எதுவும் இல்லை.

கேள்வி: ஹீட்சிங்க் உள்ள ரேம்தான் வாங்க வேண்டுமா?

பதில்: சூட்டைத் தணிக்கும் அந்த உலோகப் பட்டை டிடிஆர்3, டிடிஆர்4 சாதாரண வேகத்தில் தேவையே இல்லை. உயரமான ஹீட்சிங்க் வாங்கினால் பிராசஸர் ஃபேன் இடிக்கும், முதல் ஸ்லாட்டில் செருகவே இடம் இருக்காது. மூடியைத் திறந்து, ஃபேனுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.